மேக்னம் ரிவால்வர் தோட்டாவுக்கு எந்த பிரைமர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, அரூர் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது டெக்சாஸ், ஜார்ஜியா என்று குடியேறிவிட்டார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் சிலர் ரேஞ்சுக்குப் போய்ச் சுடப் பழகுகிறார்கள். அப்புறம் சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டை, அதாவது கேஸைச் சேர்த்துவைத்து, தோட்டாவைத் தாங்களே நிரப்பும் ஹேண்ட்லோடிங்கில் இறங்குகிறார்கள். நானும் டெக்சாஸில் இருந்த காலத்தில் .357, .44 என்ற இரண்டு வகை ரிவால்வர் தோட்டாவும் நிரப்பியவன். இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். அங்கிருந்து போனில் கேட்பவர்கள், லீவில் வரும்போது கேட்பவர்கள், இங்கேயே இருந்துகொண்டு கேட்பவர்கள் என எல்லோருடைய கேள்விகளும் கீழே இருக்கின்றன. மருந்தின், அதாவது வெடிமருந்தின் எடை எதையும் இங்கே எழுதவில்லை. அதை மருந்துக் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ வெளியிட்ட மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

அண்ணா, பிரைமர்னா நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கியில போடற கேப்புதானே?

ஒரே வம்சம். இரண்டிலும் வேலை ஒன்றுதான்: அடி விழுந்தால் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைப்பது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807-ல் அடித்துப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கேப்பும் பிரைமரும் அந்த வழியில் வந்தவைதான். நாட்டுத் துப்பாக்கியில் கேப் வெளியே, குழலின் பின்பக்கமுள்ள சின்ன முனைமேல் உட்காரும். இன்றைய தோட்டாவில் பிரைமர் பித்தளைக் கேஸின் அடியில் உள்ள குழிக்குள் அழுத்தப்பட்டிருக்கும்.

ஒரு பிரைமரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய மிளகு அளவுள்ள உலோகக் கிண்ணம். உள்ளே அடிபட்டால் வெடிக்கும் கலவை ஒரு மெல்லிய அடுக்காக இருக்கும். பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு. அதன்மேல் மூன்று காலோ இரண்டு காலோ உள்ள, அடிதாங்கும் பட்டடை போன்ற சின்ன ஆன்வில். துப்பாக்கியின் ஃபயரிங் பின் (அடிக்கும் முனை) கிண்ணத்தைக் குத்தும்போது கலவை அந்த முனைக்கும் ஆன்விலுக்கும் நடுவில் நசுங்கித் தெறிக்கும். அந்தத் தீ கேஸின் அடியிலுள்ள ஒற்றைத் துளை வழியாக மருந்துக்குள் பாயும்.

இந்த வகைக்கு பாக்ஸர் பிரைமர் என்று பெயர். உருவாக்கிய எட்வர்ட் பாக்ஸர் இங்கிலாந்து ராணுவ அதிகாரி. ஆன்வில் கேஸிலேயே இருக்கும் இன்னொரு வகையை உருவாக்கிய ஹைரம் பெர்டான் அமெரிக்கர். கடைசியில் அமெரிக்கா முழுக்க பாக்ஸர், ஐரோப்பாவில் பெரிதும் பெர்டான் என்று ஆகிவிட்டது. பாக்ஸர் கேஸின் நடுத்துளையில் ஊசியை விட்டுப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம் என்பதால், மறுபடி நிரப்புவதற்கு அதுதான் வசதி.

தோட்டா பெயரே .357 மேக்னம். அப்ப மேக்னம் பிரைமர்தானே போடணும்?

இல்லை. அடிக்கடி வரும் தப்பான முடிவு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோட்டாவின் பெயரிலுள்ள மேக்னம் வேறு, பிரைமர் டப்பாவில் எழுதியிருக்கும் மேக்னம் வேறு. .357 மேக்னம் 1935-ல் வந்தது. பழைய .38 ஸ்பெஷலைவிட நீளமான கேஸ், அதிக வேகம் என்பதைக் காட்டத்தான் அந்தப் பெயர். .38 ஸ்பெஷலுக்கு அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; .357-க்கு 35,000. பிரைமர் டப்பாவிலுள்ள மேக்னமோ தீயைப் பற்றியது. சாதா பிரைமரைவிடச் சூடான, கொஞ்சம் நேரம் நீடிக்கிற தீ கிடைக்கும் என்று அர்த்தம்.

எந்தத் தீ வேண்டும் என்பதை மருந்துதான் தீர்மானிக்கிறது. வைக்கோலுக்கு ஒரு தீக்குச்சி போதும். புளிய விறகுக்குக் கீழே நன்றாகக் கனன்றால்தான் பிடிக்கும். ரிவால்வர் மருந்துகளிலும் இந்த இரண்டு ஜாதியும் உண்டு. ஒரே .357 கேஸில் மெதுவாக எரியும் மருந்து போட்டால் மேக்னம் பிரைமர் தேவைப்படலாம். வேகமாக எரியும் மருந்தைக் குறைவாகப் போட்டால் சாதா பிரைமரே சரி.

அப்ப எந்த மருந்துக்கு எது?

மேக்னம் பிரைமர் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாத மருந்து ஹாட்ஜ்டன் எச் 110, வின்செஸ்டர் 296. டப்பா வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. உருண்டையான மணிகளாக, மேலே எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சோடு இருக்கும். கேஸுக்குள் நெருக்கமாக அடையும். அதனால் பற்றவைப்பது சிரமம். பற்றிவிட்டாலோ .357, .41, .44 மேக்னத்தில் கனமான குண்டுக்கு இதைப்போல வேகம் தரும் மருந்து குறைவு.

இந்த மருந்துக்கு இன்னும் இரண்டு நிபந்தனை உண்டு. குண்டின் கழுத்தைச் சுற்றி கேஸின் வாயை நன்றாக மடித்துப் பிடிக்க வேண்டும், அதாவது கிரிம்ப் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் மருந்து முழுக்கப் பற்றுவதற்குள் குண்டு நகர்ந்துவிடும். அடுத்து, கொடுத்த அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது என்று ஹாட்ஜ்டன் சொல்கிறது. மற்ற மருந்துகளில் ஆரம்பத்தில் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவதுதான் வழக்கம். அதே பழக்கத்தில் இதையும் குறைத்தால் மருந்து பாதி எரிந்து நின்று, குண்டு குழலுக்குள் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

எதிர்ப்பக்கம் புல்ஸ்ஐ, யூனிக் போன்ற மருந்துகள். செதில் செதிலாக இருக்கும், சீக்கிரம் பற்றும். இவற்றுக்குச் சாதா பிரைமர் போதும். மென்மையான தோட்டாவாகப் பயிற்சிக்கு நிரப்புபவர்கள் மேக்னம் பிரைமரைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

நடுவில் நிற்பது அலையன்ட் 2400. மேக்னம் ரிவால்வருக்கு மிகப் பழைய மருந்து, ஆனால் பற்றவைக்க எளிது. இதற்குச் சாதா பிரைமர்தான் நல்லது என்பது அனுபவப்பட்டவர்கள் பலருடைய கருத்து, என் கருத்தும் அதுதான். ஆனாலும் உங்கள் மேனுவல் எந்த பிரைமரை வைத்து அந்த அளவைச் சோதித்ததோ அதையே எடுங்கள்.

மேனுவலில் பிரைமர் பெயரைக்கூடப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு முக்கியமா?

முக்கியம். மேனுவலில் ஒரு வரி என்பது கேஸ், குண்டு, மருந்து, அளவு, பிரைமர் எல்லாம் சேர்ந்து சோதிக்கப்பட்ட ஒரே கூட்டு. அதில் ஒன்றை மாற்றினால் அந்த வரி உங்களுக்குச் செல்லாது.

சிறியது, பெரியது என்று இரண்டு சைஸ் எதற்கு?

.38 ஸ்பெஷல், .357 மேக்னத்துக்குச் சிறிய பிஸ்டல் பிரைமர், விட்டம் 0.175 அங்குலம். .41, .44 மேக்னம், .45 கோல்ட்டுக்குப் பெரியது; 0.210 அங்குலம். மாற்றிப் போடவே முடியாது, குழி ஒத்துவராது.

ரைஃபிள் பிரைமர் கிடைக்குது, பிஸ்டல் பிரைமர் கிடைக்கல. அதையே போடலாமா மாமா?

இது 2020-ல் தொடங்கிய பிரைமர் தட்டுப்பாட்டின்போது வந்த கேள்வி. முப்பது நாற்பது டாலருக்கு விற்ற ஆயிரம் பிரைமர் நூறு டாலரைத் தாண்டிய காலம் அது. கையில் கிடைத்ததைப் போடலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

பெரிய ரைஃபிள் பிரைமரை .44-ல் போடவே கூடாது. விட்டம் ஒன்றாக இருந்தாலும் உயரம் அதிகம்: பிஸ்டல் பிரைமர் சுமார் 0.119 அங்குலம், ரைஃபிளுடையது சுமார் 0.128. கேஸின் அடியைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ரிவால்வரில் தோட்டாக்களைத் தாங்கும் சிலிண்டர் சுழலும்போது அந்தத் துருத்தல் பின்சட்டத்தில் உரசி, சுழலாமல் நின்றுவிடும். பலவந்தமாகச் சுழற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிறிய ரைஃபிள் பிரைமர் .357 குழியில் சரியாகவே உட்காரும், அதனால்தான் ஆசை வருகிறது. ஆனால் அதன் கிண்ணம் கெட்டியானது. ரிவால்வரின் சுத்தியல் அடி அதற்குப் போதாமல் போகலாம். போதுமானதாக இருந்தாலும் அழுத்தம் மாறும். ரைஃபிள் பிரைமரோடு சோதித்த அளவு மேனுவலில் இருந்தால் ஒழிய வேண்டாம் என்பதே என் பதில்.

விதிவிலக்கு உண்டு. .454 கசுல் 65,000 பவுண்டு அழுத்தத்துக்கு வடிவமைத்த தோட்டா. அதற்குச் சிறிய ரைஃபிள் பிரைமர்தான் முறைப்படி. .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் முதலில் வந்த கேஸ்கள் பெரிய பிஸ்டல் பிரைமருக்கானவை. பின்னால் வந்தவை ரைஃபிள் பிரைமருக்கு. பழைய கேஸும் புதிய கேஸும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் வம்பு.

சாதா பிரைமரோடு பழகிய அளவு இருக்கு. இப்ப மேக்னம் மட்டும்தான் கிடைக்குது. மாத்தினா?

மாற்றலாம், ஆனால் பழைய அளவோடு அல்ல. ஆரம்ப அளவுக்கு இறங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். அதிகபட்ச அளவிலிருந்த தோட்டாவில் பிரைமரை மட்டும் மேக்னமாக மாற்றினால் அழுத்தம் எல்லை தாண்டலாம். எச் 110-ல் இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆபத்து: அங்கே மேக்னத்தை எடுத்துவிட்டுச் சாதா போடுவதுதான் தவறு. குளிர் தேசத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஓசூர் மார்கழியைக் குளிர் என்கிறோம். மினசோட்டா ஜனவரியில் மருந்து பற்றுவதே தகராறு.

எந்தக் கம்பெனி நல்லது?

நல்லது, கெட்டது என்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஃபெடரல் கிண்ணம் மென்மையானது, லேசான அடிக்கே வெடிக்கும். விசை இலகுவாக இருக்க வேண்டும் என்று ஸ்பிரிங்கைத் தளர்த்திய ரிவால்வர்க்காரர்கள் ஃபெடரலைத்தான் தேடுவார்கள். சிசிஐ கொஞ்சம் கடினம். ஸ்பிரிங்கைத் தொடாத ரிவால்வரில் எந்தக் குறையும் இல்லை. எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: சிசிஐ 500 சிறியது, 550 சிறிய மேக்னம்; 300 பெரியது, 350 பெரிய மேக்னம்.

வின்செஸ்டரின் பெரிய பிஸ்டல் பிரைமர் சாதா, மேக்னம் இரண்டு லோடுக்கும் என்றே டப்பாவில் இருக்கும். தனி மேக்னம் தேட வேண்டாம். ரெமிங்டனில் கவனம்: அவர்களுடைய 1½ பிரைமர் .357 மேக்னத்துக்கு அல்ல, அதற்கு 5½. பெட்டியை எடுக்கும்போது எண்ணைப் படியுங்கள்.

சுத்தியல் அடிச்சுது, வெடிக்கல. இரண்டாவது தடவை அடிச்சா வெடிச்சது. பிரைமர் மோசமா?

பெரும்பாலும் பிரைமர் மீது தப்பில்லை. முழுக்க உட்காராத பிரைமர்தான் இப்படிச் செய்யும். முதல் அடியின் வேகம் அதைக் குழியின் அடிவரை தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடிதான் கலவையை நசுக்கும்.

பிரைமர் அழுத்தும் கைக்கருவியில் இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். முதலில் சுவரில் உரசி இறங்கும் ஒரு பிடிப்பு. அப்புறம் ஆன்விலின் கால்கள் குழியின் தரையைத் தொடும்போது ஒரு நிறுத்தம். அதன்பின் மிக லேசாக இன்னும் ஒரு அழுத்தம். அந்த நிறுத்தம் வராமல் விட்டுவிட்டால் உட்காரவில்லை என்று அர்த்தம். கேஸின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். கேஸைத் தலைகீழாக நிறுத்தி ஆள்காட்டி விரலால் தடவினால் சிறு பள்ளமாகத் தட்டுப்பட வேண்டும். மட்டமாக இருந்தால் மறுபடி அழுத்துங்கள். மேடாக இருந்தால் ரிவால்வருக்குள் போகவே கூடாது. பழைய பிரைமரின் கரி குழியில் படிந்திருந்தாலும் முழுக்க இறங்காது, சுரண்டிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். எப்படியானாலும் வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

சத்தம் கம்மியா 'புஸ்'னு மட்டும் வந்துச்சு…

நிறுத்துங்கள். அடுத்த தடவை விசையை அழுத்தவே கூடாது. மருந்தே இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்தாலும் குண்டைக் குழலுக்குள் தள்ளும் சக்தி அதற்குண்டு. குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலும் நின்றால் சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். அது உண்மையில் நல்ல காலம், அடுத்தது சுட முடியாது. முழுக்கக் குழலுக்குள் போய்விட்டால்தான் மோசம்: சிலிண்டர் வழக்கம்போலச் சுழலும், அடுத்த குண்டு அதன்மேல் போய் மோதும், குழல் பிளக்கும்.

சுட்ட பிரைமரைப் பார்த்தே அழுத்தம் தெரியுமாமே?

ஓரளவுக்குத்தான். விளிம்பின் வளைவு மறைந்து தட்டையாகிவிட்டதா, ஃபயரிங் பின் குத்திய இடத்தைச் சுற்றி வரம்பு எழும்பியிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் மென்மையான கிண்ணம் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும்; கடினமானது ஆபத்தான அழுத்தத்திலும் வட்டமாகவே நிற்கும். தட்டையாக இருந்தால் எச்சரிக்கை, சரி. வட்டமாக இருப்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேஸ் சிலிண்டரிலிருந்து ஒட்டிக்கொண்டு வெளிவர மறுத்தால் அது இன்னும் நம்பகமான அறிகுறி. உடனே அளவைக் குறையுங்கள்.

நான் எச்1பி விசாவில் இருக்கேன். ரீலோடிங் செட் வாங்கலாமா தம்பி?

அவசரப்படாதீர்கள் அண்ணா. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ஒரு சின்னத் தப்பு கிரீன் கார்டையே கெடுத்துவிடும். வக்கீலிடம் கேட்காமல் ஒரு டப்பா பிரைமர்கூட வாங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு நிரப்பக் கூட்டரசு உரிமமும் தேவையில்லை. நிரப்பி விற்பதற்குத்தான் தேவை.

ஊருக்கு வரும்போது மச்சானுக்கு ரெண்டு டப்பா பிரைமர் கொண்டு வரட்டுமா?

வேண்டவே வேண்டாம். பிரைமரைக் கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, விமானத்தில் கொண்டுபோகவே தடை. இங்கே இறங்கியபின் இன்னும் மோசம். இந்திய ஆயுதச் சட்டம் 1959-ல் தோட்டா என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் கருவிகளும் அடக்கம். ரேஞ்சுக்குப் போன அதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, அடியில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையத்தில் மாட்டி வழக்கானவர்கள் இருக்கிறார்கள். ஓசூருக்கு வருகிறவர்கள் எல்லாரும் பெங்களூரு விமான நிலையத்தில்தான் இறங்குகிறீர்கள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு பை ஜிப்பையும் திறந்து உதறிப் பாருங்கள்.

எங்கிட்ட கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் இருக்கு. காலித் தோட்டாவை இங்கேயே நிரப்பிக்கலாமா?

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடமிருந்து இது வரும். உங்கள் கையிலிருப்பது வைத்திருப்பதற்கான உரிமம், தயாரிப்பதற்கானது அல்ல. தயாரிக்கச் சட்டத்தின் 5-வது பிரிவில் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் செய்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம், ஆயுள் தண்டனைவரை போகலாம். உரிமம் பெற்ற கடையில், உரிமப் புத்தகத்தில் பதிந்து, அனுமதித்த எண்ணிக்கையில் தோட்டா வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் கலெக்டர் ஆபீசில் ஆயுத உரிமப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.

ராகியையும் நிலக்கடலையையும் பன்றி கிளறிவிட்டுப் போகிற வேதனை எனக்கும் தெரியும். அதற்காக லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு வீட்டிலேயே கேப் மருந்து கலக்குகிற வேலை மட்டும் கூடாது. அந்தக் கலவைகள் உரசலுக்கே வெடிக்கும், கை போய்விடும். அப்படித் துப்பாக்கி வீட்டில் கிடந்தால் போலீசில் ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் தாமாக ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை அறிவிப்பு வருவது வழக்கம்தான்.

பிரைமரை எப்படி வைக்கணும்? கண்ணாடி பாட்டிலில் கொட்டி வைக்கலாமா?

கொட்டவே கூடாது. கம்பெனித் தட்டில் ஒவ்வொரு பிரைமருக்கும் தனிக் குழி இருப்பதே, ஒன்று வெடித்தால் மற்றது சேர்ந்து வெடிக்காமல் இருக்கத்தான். பாட்டிலில் கொட்டினால் மொத்தமும் ஒரே வெடிகுண்டு. வாங்கிய டப்பாவிலேயே, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், மருந்திலிருந்து தள்ளி வையுங்கள். அமெரிக்காவில் வீட்டில் 10,000-க்கு மேல் வைக்கக்கூடாது என்பது தீப்பாதுகாப்பு விதி.

சுட்டு முடிச்ச பிரைமர்ல ஆபத்து ஒண்ணும் இல்லையே? குழந்தைங்க எடுத்து விளையாடுது.

இருக்கிறது. வெடித்த பிரைமரில் ஈயத்தூள் ஒட்டியிருக்கும். பிரைமரை நீக்கும் மேஜையிலும், கேஸைச் சுத்தம் செய்யும் உமி போன்ற பொடியிலும் அது படியும். குழந்தைகளை அந்த மேஜைப் பக்கமே விடாதீர்கள். தூசியை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு, வெந்நீரில் அல்லாமல் பச்சைத் தண்ணீரில் கை கழுவிவிட்டு, சட்டையையும் மாற்றிக்கொண்ட பிறகு பிள்ளைகளைத் தூக்குங்கள்.